குதிரை வாணிகன் கூற்று

பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 59-ஆம் படலமாகிய நரி பரியாக்கிய படலத்தைப் பயிலும் மாணவர் பலர், குதிரை இலக்கணம் வந்ததும் சில ஏடுகளைத் தள்ளிவிட்டு மேற்செல்வதைக் கண்டிருக்கிறேன். ஆசிரியரும் அவரைத் தடுப்பதில்லை. புலவர் தம் பரிநூற் புலமை தோன்ற அவற்றை இடையே பெய்து வைத்தார், கதைக்கு அவை வேண்டுவன அல்ல என்பது பொதுவாக நிலவும் கருத்து. யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது நூலாராய்ச்சி அன்று, ஒரு விளம்பரம்.

ஓசூரை அடுத்த சானமாவில் வாழும் என் தமக்கை மகன் தன் பெண்குதிரையை விற்க விரும்பி, நாளிதழுக்கு நான்கு வரி எழுதித் தருமாறு என்னைக் கேட்டான். அப்பகுதிக்குக் குதிரை புதிதன்று. கிழக்கிந்தியக் கும்பெனியார் படைக்குக் குதிரை வளர்க்கும் பொருட்டு 1824-இல் மத்திகிரியில் பண்ணை அமைத்தனர். கால்நடைப் பண்ணையாக அஃது இன்றும் உள்ளது. யான் எழுதினேன்: நிறம் செம்மை, நாற்காலும் முகமும் வெளுத்தமையின் பஞ்சகல்யாணி, சுழிகள் நல்லன, நடை இனிது. படித்துப் பார்த்த மருகன், "எல்லாம் சரி மாமா, லாரிச் சத்தம் கேட்டால் மிரளுமே, அதை எழுதவில்லையே?" என்றான். இராயக்கோட்டைச் சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகளை அறிந்தவர்க்கு அவ்வினாவின் எடை விளங்கும்.

அவ்வினாவோடு படலத்தை மீண்டும் திறந்தேன். எழுதியது நான்கு வரியேயாயினும், பரஞ்சோதியார் வகுத்த தடத்திலேயே என்னை அறியாமல் நடந்திருந்தேன் என்பது புலனாயிற்று.

படலத்தின் நிலைமையை முதற்கண் நோக்குவோம். குதிரை வாங்கக் கொடுத்த பொருளை வாதவூரர் பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட்டார். பாண்டியன் ஐயுற்றிருக்கின்றான். அந்நிலையில் இறைவன் வாணிகர் தலைவனாய் வந்து, மன்னன் முன்னர்ப் பரிகளின் நிறத்தையும் சுழியையும் உறுப்பையும் நடையையும் விரித்துரைக்கின்றான். ஐயுற்றவனிடம் 'இவை மிக நல்லன' என்று நூறு முறை கூறினும் பயனில்லை. நல்லதனை அறியும் அளவுகோலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டால், அளந்து பார்த்து அவனே 'நன்று' என்பான். பிறர் சொன்ன புகழை மறுக்கலாம். தான் கண்டு சொன்னதை எவனும் எளிதில் மறுப்பதில்லை. விற்பவன் கூற்றுக்கு இதனினும் சிறந்த அமைப்பைத் தமிழில் யான் கண்டிலேன். கேட்பவனும் எளியவன் அல்லன் என்க. பாண்டியன் குதிரைக்குக் கனவட்டம் எனத் தனிப்பெயரே நிகண்டுகளில் உண்டு.

இனி, அக்கூற்றில் இல்லாதது யாது? அதன் பெரும்பகுதி பரியினத்தின் பொது இலக்கணம். முன் நிற்கும் இப்பரி நேற்று எங்கிருந்தது, நாளை எவ்வாறிருக்கும் என்னும் தனி வரலாறு அதில் இல்லை. கண்ணுக்குப் புலப்படுவன யாவும் கூறப்பட்டன. புலப்படாத ஒன்றே கூறப்படவில்லை. அவ்வொன்று, அவை நரிகள் என்பது.

இவ்வாறு ஒன்றைச் சொல்லாது விடுதல் புலவர் கற்பனையில் மட்டும் நிகழ்ந்ததன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் காண்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெருவிலைக்கு வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சவில்லை என்றும் எழுதுகின்றார். காரணம், பேணும் முறை அறியாமை. விற்ற வணிகர் இலாடம் கட்டிப் பரிகாரம் செய்வாரைத் தம்முடன் கொணர்வதில்லை. பிறர் அங்குச் செல்வதையும் விடுவதில்லை. ஆண்டுதோறும் குதிரை இறந்தால் ஆண்டுதோறும் விற்கலாம் அன்றோ? அயல்நாட்டார் கூற்றில் மிகை இருத்தல் கூடும். எனினும் பரிகள் ஓரிரவில் நரிகளாய் மறைந்த கதையையும், ஓராண்டில் மடிந்து மறைந்த செய்தியையும் ஒருங்கு வைத்துப் படிக்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

படலத்தின் உயிர்நிலை கயிறு மாறுதலில் உள்ளது. வாணிகன் கையிலிருந்து கயிறு வாங்குவான் கைக்கு மாறியபின், குதிரைக்கு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பாளி அல்லன் என்பது குதிரை வாணிக மரபு. இலக்கணப் பகுதியை நீக்கிவிட்டுக் கயிறு மாறும் இடத்தை மட்டும் படிப்பின், அது வெறும் ஏமாற்றாய் முடியும். அளவுகோல் கொடுக்கப்பட்டு, மன்னன் நோக்கி மகிழ்ந்து ஏற்றான் ஆதலின், பின்னர் அவனுக்கு வழக்கு இல்லை. எனவே, தள்ளிவிடப்படும் அச்செய்யுட்களே கதையைத் தாங்கி நிற்கின்றன.

வழக்கு இல்லை என்பதோடு புலவர் அமைந்தாரா? இறைவன் ஆடல் என்று அடியார் அமைதி கொள்வர். அது பத்தி நெறி. காப்பியப் போக்கை நோக்குவார்க்கு வேறொன்று தோன்றும். அடுத்த படலத்தில் நரிகள், இலாயத்தில் முன்பே நின்ற குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. விற்றவன் அங்கு இல்லை. துன்பம் வாதவூரர்மேல் விழுகின்றது. அதற்கும் அடுத்த படலத்தில், அவ்வாணிகனே கூலியாளாய்ப் பிட்டுக்கு மண் சுமந்து, மன்னன் கைப்பிரம்பால் அடிபடுகின்றான். அவ்வடி மன்னன் முதல் அனைவர் மேலும் படுகின்றது. கயிற்றால் கழிந்த பொறுப்பைப் புலவர் பிரம்பால் மீட்டு வைத்தார் என்று கொள்ளலே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. மூன்று படலங்களையும் தனித்தனி ஆடல்களாகப் பிரித்துப் பாடம் சொல்லும் வழக்கம் இத்தொடர்பை மறைத்துவிட்டது.

விளம்பரத்தில் 'லாரி ஒலிக்கு மருளும். பெருஞ்சாலையோர ஊருக்கு ஆகாது' என்னும் வரி சேர்ந்தது. விலை சற்றுக் குறைந்தது. வாங்க வந்தவர் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையில் பழகியவர். சுழியை விரலால் தடவிப் பார்த்தார். பல்லைப் பார்த்து வயதை மதித்தார். பின் அவ்வரியைப் பற்றியே நெடுநேரம் வினவினார். அவர் ஊரில் லாரி அரிது போலும்.

பரஞ்சோதியார்க்கு முற்பட்ட பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடலை உ. வே. சாமிநாதையர் 1906-இல் பதிப்பித்தார். கடவுண் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணமும் இக்கதையைப் பாடுகின்றது. கயிறு மாறும் இடத்தில் மூவரும் வாணிகன் வாயில் வைத்த சொற்களையும், வையாது விட்ட சொற்களையும் ஒப்பிட்டு ஆராய முதுகலை மாணவர் எவரேனும் முன்வரின், யான் ஈண்டுக் கூறியது திருத்தம் பெறவும் கூடும்.