கூடலூர் கிழார் கண்ட வானம்

சோதிடத்துக்குச் சான்று வேண்டுமா? சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று முழங்குவோர் கையில் அகப்பட்டுத் தவிக்கிறது புறநானூற்றின் 229ஆம் பாட்டு. வானிலிருந்து மீன் ஒன்று வீழ்ந்ததாம். ஏழாம் நாள் சேரன் மாண்டானாம். அதனைப் புலவர் முன்கூட்டியே அறிந்தாராம். இவ்வளவே அவர்கள் கண்ட பொருள். பாட்டை ஒருமுறை நிறுத்திப் படித்தவர் இப்படிப் பேசார். ஆனால் படித்தவர்களும் வாய்மூடி இருக்கிறார்களே, அதுதான் வருத்தம்.

பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் அவர், தொகுப்பித்தவன் இவன். பரிசில் கொடுத்தவன், பெற்றவர் என்ற அளவில் நின்ற உறவன்று இது. ஒரு நூலுக்காகக் கூடி உழைத்த இருவரில் ஒருவன் மறைந்தான், மற்றவர் பாடினார். இதனை மறந்துவிட்டு அந்தப் பாட்டில் நுழைதல் கூடாது.

பாட்டின் முற்பகுதி முழுதும் வானம். பங்குனித் திங்களின் முற்பாதி, காரிருள் செறிந்த நள்ளிரவு. உச்சியில் நின்ற ஒரு நாள்மீன் நிலை பெயர்ந்து சாய்கிறது. அதற்கு எட்டாவது மீன் எதிரே கிழக்கில் எழுகிறது. அதற்கு முந்திய எட்டாவது மீன் மேற்கே இறங்குகிறது. உச்சியிலிருந்து சாய்வது உத்தரம், எழுவது மூலம், இறங்குவது மிருகசீரிடம் என்று பழைய உரைகாரர் பெயர் சுட்டிச் சொல்கிறார்.

இது புலவரின் வெறுங் கற்பனையா? கணக்கிட்டுப் பாருங்கள். நாள்மீன்கள் 27. எட்டாவது என்பது தன்னையும் சேர்த்து எண்ணுவது. ஆகவே இடைவெளி ஏழு. வட்டத்தின் 360 பாகையை 27ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் 93 பாகைக்குச் சற்று மேல் வரும். அதாவது ஏறத்தாழக் கால் வட்டம். உச்சிக்கும் அடிவானுக்கும் உள்ள தொலைவும் கால் வட்டமே! ஒன்று உச்சியில் நின்றால் ஒன்று எழுந்தே தீரும், ஒன்று விழுந்தே தீரும். மூன்று மீன்களைச் சொல்லி வானம் முழுவதையும் அளந்துவிட்டார் புலவர்.

மீன்கள் நடக்கவில்லை, நாம்தான் சுழல்கிறோம். நிலவுலகம் மேற்கிலிருந்து கிழக்காக உருள, மேலே உள்ளவை கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவனபோல் தோன்றுகின்றன, மணிக்கு 15 பாகை வீதம். ஒரு மீன் மீண்டும் அதே இடத்துக்கு வர 23 மணி 56 நிமிடம் ஆகிறது. நாள் என்று நாம் வழங்கும் 24 மணிக்கு அது நான்கு நிமிடம் குறைவு. அதனால் நேற்று எழுந்த மீன் இன்று நான்கு நிமிடம் முந்தி எழும். ஒரு திங்களில் இரண்டு மணி முந்தும். ஓராண்டில் பழைய இடத்துக்கே வந்து சேரும். இன்ன திங்களில் இன்ன மீன் நள்ளிரவில் உச்சிக்கு வரும் என்று சொல்ல முடிவது இதனால்தான். கடிகாரம் இல்லாத காலத்தில் கடிகாரமும் நாட்காட்டியும் இந்த வானமே.

ஐயம் உள்ளவர்கள் பங்குனி முற்பாதியில், நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில், மொட்டைமாடிக்குச் செல்லலாம். உத்தரம் ஏறத்தாழத் தலைக்கு நேரே நின்று சாயத் தொடங்கியிருக்கும். தென்கிழக்கு அடிவானில் தேளின் கொடுக்கான மூலம் தலைகாட்டும். மிருகசீரிடம் மேற்கே மூழ்கியிருக்கும். இன்றும் ஒத்துவருகிறது. பஞ்சாங்கமோ, மார்கழி முதல் வாரத்திலேயே, திசம்பர் 21, 22ஆம் நாளிலேயே, வடக்கே திரும்பிவிடும் ஞாயிற்றைத் தை முதல் நாள் வரை காத்திருக்கச் சொல்கிறது! அண்ணாந்து பார்த்தவர் எழுதியது பாட்டு; பாராமலே படியெடுத்தவர் எழுதியது பஞ்சாங்கம்.

இனி, வீழ்ந்த மீன். அது மீன் அன்று என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். விண்வெளியில் திரியும் துகளோ சிறு கல்லோ பெருவேகத்தில் காற்றினுள் பாய்ந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒளிவிட்டு எரிகிறது. கூடலூர் கிழார் அதனை அறிந்திருக்க வழியில்லை. அவர் அஞ்சினார். நானும் அஞ்சினேன், இரவலர் பலரும் அஞ்சினர் என்கிறார். நம் அரசன் நோயின்றி இருந்தால் நன்று என்று ஏங்கினோம் என்கிறார். அந்த ஏக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒரு தீ வானில் ஓடியவுடன் மன்னனின் உடல்நலம்தானா நினைவுக்கு வரவேண்டும்? நோய் பற்றிய கவலை முன்பே நெஞ்சில் குடியிருந்தது போலும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாட்டில் அதற்கு நேர்ச்சான்று இல்லை; என் வாசிப்பு அது.

ஆனால் நேர்ச்சான்று உள்ள ஒன்றைச் சொல்கிறேன். இன்ன நாளில் மன்னன் இறப்பான் என்று பாட்டில் எங்கும் இல்லை! அவர் நாள் குறிக்கவில்லை. அஞ்சினார், நலம் விழைந்தார். இறப்பு நேர்ந்தபின் திரும்பிப் பார்த்து, அன்றிலிருந்து இன்றோடு ஏழு நாள் என்று எண்ணினார். துயருற்ற எவரும் எண்ணுவது அது. வீட்டில் சாவு விழுந்தால், போன வாரம் இந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நாம் எண்ணவில்லையா? இன்ன நாளில் இறப்பான் என அஞ்சிப் பாடியதாகச் சொல்வது பாட்டன்று, அதன் அடியில் உள்ள குறிப்பு. அச்சத்தை ஆரூடமாக்கியது அந்தக் குறிப்பு. அதனைச் சாத்திரமாக்கியவர்கள் நம் காலத்து மேடையினர். பிற்காலத்தார் மூட்டையைப் புலவர் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. புலவரும் தீக்குறியை நம்பியவர்தாம், அதை மறைக்க வேண்டியதில்லை. நம்பியவர் வேறு, நாள் குறித்துச் சொன்னவர் வேறு.

எட்டாம் வரிசை மீன்களைச் சொன்ன அதே வாய், பிற்பகுதியில் வானத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. யானைகள் துதிக்கையை நிலத்தில் வைத்து உறங்குகின்றன. முரசு கண் கிழிந்து உருள்கிறது. வெண்குடையின் காம்பு முறிந்துவிட்டது. குதிரைகள் நடையின்றி நிற்கின்றன. ஏழு நாளில் மூலம் ஏறக்குறைய 28 நிமிடம் முந்தி எழுந்திருக்கும். அன்றிரவு புலவர் அதனைப் பார்க்கவில்லை.