பொட்டிப்புரத்துக் கருவியும் பராமரிப்பாரற்ற நிரலும்: நியூட்ரினோ ஆய்வறிக்கை குறித்த ஒரு திறனாய்வு

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஏலமலைத் தொடர் சமவெளியைத் தொடுமிடத்தில் பொட்டிப்புரம் அமைந்துள்ளது. மேலே ஏலக்காடுகளும் சோலைகளும். கீழே வறண்ட கரடுகள். போடி மேற்கு மலை எனப்படும் இப்பகுதியின் ஒரு பாறை முகட்டை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்குக் குடைந்து, நியூட்ரினோ ஆய்வகம் ஒன்றை அமைக்க 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. மதிப்பீட்டுச் செலவு ஏறத்தாழ 1500 கோடி ரூபாய். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் நடுவண் அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. குகை இன்னும் குடையப்படவில்லை.

இந்த வழக்கு தமிழில் நூல்களாகவும் துண்டறிக்கைகளாகவும் மேடைப் பேச்சாகவும் விரிவாகப் பேசப்பட்டது. மலை, நிலத்தடி நீர், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாற்றுக்கும் இடைப்பட்ட புலி வழித்தடம் ஆகியவை அவ்விவாதத்தின் மையப் பொருள்கள். அவை முற்றிலும் முறையான வினாக்களே. எனினும் இரு தரப்பாரும் பெரிதும் தொடாது விட்ட வினா ஒன்று உண்டு. ஆய்வகம் அமைந்தால் அக்கருவி இன்னதைக் காணும் என்ற உறுதி எங்கிருந்து பெறப்பட்டது? மலையை விலையாகக் கேட்ட வாதத்தின் மறுதட்டில் வைக்கப்பட்டது அந்த உறுதிதான். எனவே அதன் அடித்தளம் ஆராயத்தக்கது.

ஆயிரம் ஆண்டுக் கணிப்பு

அவ்வுறுதியைத் தொகுத்துரைக்கும் ஆவணம், ஐ.என்.ஓ. கூட்டுக்குழு 2015இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை. இது 2017இல் பிரமாணா என்னும் இயற்பியல் ஆய்விதழில் வெளிவந்தது. ஐகால் என்று சுருக்கி வழங்கப்படும் கருவி, ஏறத்தாழ 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டப்பட்ட இரும்பு அடுக்கு. 5.6 செ.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடுகளும் அவற்றினிடையே ஏறத்தாழ 30,000 உணர்விகளும் கொண்டது. வளிமண்டலத்தில் தோன்றிப் புவியை ஊடுருவி வரும் நியூட்ரினோக்களையும் எதிர் நியூட்ரினோக்களையும் பிரித்தறிந்து, நியூட்ரினோக்களின் நிறை வரிசையைத் தீர்மானிப்பதே இதன் முதன்மை நோக்கம். 10 ஆண்டுத் தரவு கிடைத்தால் ஏறத்தாழ 3 சிக்மா அளவில் இது இயலும் என்கிறது அறிக்கை.

கட்டப்படாத கருவியைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடிவது நிரல்களின் துணையால். முதலில் நுவான்ஸ் என்னும் நிகழ்வாக்கி, நியூட்ரினோ ஓர் அணுக்கருவைத் தாக்கினால் என்னென்ன துகள்கள் எவ்வாற்றலுடன் வெளிப்படும் என்பதைக் கணித்துத் தருகிறது. பின்னர் ஜியன்ட்4 என்னும் கருவித்தொகுதி அத்துகள்களை இரும்பினூடாகச் செலுத்திப் பார்க்கிறது. ரூட் என்னும் தொகுதியில் முடிவுகள் சேமித்துப் பகுக்கப்படுகின்றன. புள்ளியியல் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பொருட்டு 1000 ஆண்டுக்கான நிகழ்வுகள் ஆக்கப்பட்டு, பின் 10 ஆண்டளவிற்குச் சுருக்கப்படுகின்றன. பொட்டிப்புரத்தில் ஒரு கல்லும் பெயராத நிலையில், ஐகால் கணினியில் ஆயிரம் ஆண்டு இயங்கி முடித்துவிட்டது. இன்றைக்கு அக்கருவி உள்ள ஒரே இடம் அந்த நிரல்தான்.

ஜியன்ட்4, ரூட் ஆகிய இரண்டும் திறமூலத் தொகுதிகள். செர்ன் உள்ளிட்ட நிறுவனங்களின் தொடர்ந்த பராமரிப்பில் இருப்பவை. நுவான்ஸின் நிலை வேறு. டேவிட் காஸ்பர் என்னும் இயற்பியலாளர் ஃபோர்ட்ரான் மொழியில் ஆக்கி, 2002ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் வழி அறிமுகப்படுத்தித் துறையினர் பயன்பாட்டிற்கு வழங்கிய நிரல் அது. தம் உழைப்பைப் பிறர்க்குத் தந்த ஒருவர் அதனைக் காலமெல்லாம் காக்கவும் வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. இன்று அது வளர்ச்சி நின்ற நிரல். சி++ மொழியில் எழுதப்பட்ட ஜீனி, துறையின் பொது நிகழ்வாக்கியாக வளர்ந்தது. வெள்ளை அறிக்கை வந்த 2015ஆம் ஆண்டிலேயே இம்மாற்றம் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பிழை காட்டாத பிழை

பராமரிப்பு நின்ற நிரல் உடனே செயலற்றுப் போவதில்லை. புதிய தொகுப்பியில் அது ஏறாமல் நின்றுவிட்டால் பயன்படுத்துவோர் எச்சரிக்கை அடைவர், அது நன்மையே. எவ்விதத் தடையுமின்றி ஓடி விடை தரும் நிலைதான் கவலைக்குரியது. அவ்விடை, நிரல் நின்றுபோன ஆண்டின் இயற்பியலைச் சொல்லும். கட்டுரையோ வெளியான ஆண்டின் தேதியைத் தாங்கியிருக்கும்.

நுவான்ஸைப் பொறுத்தவரை இது வெறும் அனுமானமன்று. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இயங்கிய மினிபூன் சோதனையும் நுவான்ஸையே பயன்படுத்தியது. கரிம அணுக்கருவோடு நியூட்ரினோ மோதும் குறிப்பிட்ட வகை நிகழ்வுகள், நிரல் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக அங்குப் பதிவாயின. 2010இல் வெளியான மினிபூன் கட்டுரை, அச்சு நிறை எனப்படும் அளவுருவை வழக்கமான 1.03 என்பதிலிருந்து 1.35 வரை உயர்த்தித்தான் தரவோடு பொருத்த முடிந்தது. மார்ட்டினியும் அவருடைய உடனாய்வாளர்களும் 2009இலேயே வேறொரு விளக்கம் தந்திருந்தனர்: நியூட்ரினோ ஒற்றை நியூக்ளியானோடு மட்டுமன்றி, இணையாகக் கட்டுண்ட நியூக்ளியான்களோடும் வினைபுரிகிறது. இப்பல்நியூக்ளியான் வினை பின்வந்த நிகழ்வாக்கிகளில் இடம்பெற்றது. நுவான்ஸில் அதற்கு இடமில்லை.

இதனால் ஐகாலின் முடிவுகள் தவறாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. நிறை வரிசைக்குரிய தகவல் சில கோடி எலக்ட்ரான் வோல்ட்டுகளில் அன்று, 4 முதல் 10 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றலில்தான் செறிந்துள்ளது. அங்கு அதிர்வு வினைகளும் ஆழ் சிதறலும் ஓங்கி நிற்கும். பல்நியூக்ளியான் வினையின் பங்கு சிறிது. ஆனால் அச்சிறிது எவ்வளவு என்பதை உய்த்துணர்ந்து கூற இயலாது. ஒரே கருவி வடிவத்தில் இரு நிகழ்வாக்கிகளையும் ஓட்டி ஒப்பிட்டே அறிய வேண்டும். அதற்குப் பழைய நிரல், பயன்படுத்திய பதிப்பு, மாற்றிய அளவுருக்கள் ஆகிய அனைத்தும் இயங்கும் நிலையில் வேண்டும். அறிக்கை நுவான்ஸைப் பெயர் சுட்டிக் காஸ்பரின் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது. மேற்கோள் காட்டுதல் வேறு. மறுமுறை இயக்கும் வகையில் ஒப்படைத்தல் வேறு.

கருதலும் உரையும்

பிரமாணா என்னும் இதழ்ப்பெயர் இங்கு ஒரு சிந்தனையைத் தூண்டுகிறது. தமிழ் மெய்யியல் மரபு பிரமாணத்தை அளவை என்றது. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்றைச் சிறப்பாகக் கொண்டது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பௌத்த நெறி, காட்சி, கருதல் என்னும் இரண்டையே ஏற்றது. கருவி கட்டப்படாததால் ஐகாலுக்குக் காட்சியளவை இல்லை. வெள்ளை அறிக்கை முழுவதும் கருதலளவை. கருதல் செல்லுபடியாவது, புகையிலிருந்து நெருப்புக்குச் செல்லும் வழியைக் கேட்பவரும் தாமே நடந்து பார்க்க இயலும்போது. நிரலை எவரும் மறுபடி இயக்க இயலாத நிலை வந்தால், எஞ்சுவது ‘நாங்கள் கணித்தோம், இவ்விடை வந்தது’ என்னும் கூற்று மட்டுமே. கருதல் உரையாக மாறிவிடுகிறது. அறிவியல் உரையளவையை ஏற்பதில்லை என்பது அதன் பெருமை. பராமரிப்பாரற்ற நிரல் அதனைப் பின்வாசல் வழியே உள்ளே விட்டுவிடுகிறது.

பொட்டிப்புர மக்களின் தரப்பிலிருந்து நோக்கினும் இது சிறு செய்தியன்று. எதிர்த்தோரும் ஆதரித்தோரும் அறிக்கையை நம்பவோ மறுக்கவோ செய்தனர். சோதிக்கும் வாய்ப்பு எவர்க்கும் எளிதாக இல்லை.

யார் காப்பது

மூலம் திறந்திருந்தால் நிரல் நிலைத்துவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. நியூட்ரினோத் துறையின் வரலாறு அதற்கு மாறாகப் பேசுகிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே சோதனை பயன்படுத்தும் நியூட் என்னும் நிகழ்வாக்கியும் பழைய ஃபோர்ட்ரான் நிரலே. நெடுங்காலம் பொதுவெளியில் திறக்கப்படாதது. இருந்தும் அது திருத்தம் பெற்றுக்கொண்டே வந்தது. காரணம், அதற்குக் கீழே ஓடும் கருவி ஒன்று இருந்தது. ஒவ்வோராண்டும் தரவு வந்து நிரலின் குறையைக் காட்டியது. நிரலைக் காப்பது உரிமம் அன்று, அதன்மேல் சாய்ந்து நிற்கும் பணி. பொட்டிப்புரத்தில் அப்பணி தொடங்கவேயில்லை. ஐகால் கணிப்புகளில் பெரும்பகுதி, 2008இல் தொடங்கிய ஐ.என்.ஓ. பட்டப் பயிற்சித் திட்டத்தின் மாணவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தம் முனைவர் பட்டத்திற்காகச் செய்தவை. பட்டம் முடிந்ததும் அவர்கள் பிற நாடுகளுக்கும் பிற சோதனைகளுக்கும் செல்வது இயல்பு. கருவி இருந்தால் அடுத்த மாணவர் வருவார். கருவி இல்லாத இடத்தில் நிரலின் கைமாற்றம் அறுந்துபோகும்.

இது இயற்பியலாரின் தனித்துன்பம் என்று தமிழாய்வாளர் ஒதுங்கிவிட இயலாது. 1999இல் சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான டேம், டேப் குறியாக்கங்களிலும், அவற்றிற்கு முற்பட்ட தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சான முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010இல் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளைத் திறக்க இன்று உதவுபவை ஓரிருவர் எழுதிக் கொடுத்த மாற்றி நிரல்களே. ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு காலப்பகுதியின் ஆய்வு படிக்க முடியாத குறிகளாக எஞ்சக்கூடும்.

மீட்பு இயலாததன்று. செர்ன் தன் பழைய ஃபோர்ட்ரான் நூலகத் தொகுதியான செர்ன்லிப்பின் வளர்ச்சியை 2000களில் நிறுத்திக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின், பழைய சோதனைகளின் தரவைக் காக்க முனைந்த ஆய்வாளர்கள் அதனைத் தற்காலக் கணினிகளில் மீண்டும் தொகுக்கத்தக்கதாக்கினர். எவரும் அவர்களைப் பணிக்கவில்லை என்பதைவிட, மூலமும் ஆவணமும் ஓரிடத்தில் கிடைத்தன என்பதே அங்கு முடிவு செய்த காரணி. ஐகால் கணிப்புகளுக்கும் அதே ஏற்பாடு தேவை: நுவான்ஸின் பயன்படுத்திய பதிப்பு, அளவுருக் கோப்புகள், ஆக்கிய நிகழ்வுகளின் ஒரு படி, பொதுக் களஞ்சியம் ஒன்றில். ஓட்டியவர்கள் இன்னும் தொடர்பில் இருக்கும் காலத்திலேயே இது செய்யத்தக்கது.

மதுரையில் 2018 முதல் மினி ஐகால் என்னும் 85 டன் முன்மாதிரி இயங்கி வருகிறது. 11 இரும்பு அடுக்குகள். விண்கதிர்களின் வழி வரும் மியூவான்கள் அதில் பதிவாகின்றன. இரும்பினூடாக மியூவான் செல்லும் வழியை ஜியன்ட்4 சரியாகக் கணிக்கிறதா என்பதை அத்தரவு சோதித்துக் காட்டும். காட்சியளவை அந்த அளவிற்குக் கிடைத்துவிட்டது. நியூட்ரினோவைக் காண 85 டன் போதாது. ஆகையால் கணிப்பின் முதற்படியை, நுவான்ஸ் சொன்ன படியை, மதுரைக் கருவி தொட முடியாது. நிறை வரிசைக்கான விடையைத் தேடும் சீனத்தின் ஜூனோ சோதனை 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது. பொட்டிப்புரத்தின் விடை இப்போதும் 2002ஆம் ஆண்டு நிரல் ஒன்றின் கோப்புகளில் உள்ளது.