களா வேலி

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கொல்லைகளில் களாச்செடியைக் கண்டால் எனக்குக் கால் நின்றுவிடும். கெட்டியான, மினுமினுக்கும் இலை; சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. இணை இணையாக முள் இருப்பதால் மாடு உள்ளே நுழையாது. வெள்ளைப் பூவில் மல்லிகைச் சாயலாக ஒரு மணம். பச்சைக்காய் சிவந்து, பிறகு நாவல்போலக் கறுக்கும். காயைக் கிள்ளினால் பால் வடிந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால்தான் விடும்.

வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவிடாமல் ஊன்ற வேண்டும். முதல் கோடைகளில் தண்ணீர் காட்டினால் போதும், வேர் பிடித்தபின் மழையே பார்த்துக்கொள்ளும். புதுத் தளிரின் நுனியில் பூப்பதால், பழம் ஓய்ந்த பிறகுதான் கவாத்து. பறிக்கும் கைப்பக்குவத்தைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன்: பழகிய பெண்கள் இடக்கையால் கிளையை மெல்லத் தூக்கி, முள் படாமல் கொத்தை மட்டும் விரல்நுனியால் திருகி எடுப்பார்கள். அந்தக் காயைக் கீறி, விதை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்தால், பழைய சோற்றுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.