பறவை இருக்கிறது, ஏரி எங்கே?

விடுமுறை நாட்களில் காமிராவும் கையுமாக ஏரிக்கரைகளுக்கும் காட்டோரங்களுக்கும் செல்வோரின் தொகை நம்மிடையே பெருகி வருகிறது. துப்பாக்கியுடன் காட்டுக்குள் நுழைவதைப் பெருமையாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. அந்த இடத்தைக் காமிரா பிடித்துக்கொண்டது பாராட்டத்தக்க மாற்றமே. புகைப்படக் கழகங்களும் கல்லூரி இயற்கை மன்றங்களும் உறுப்பினர்களை விடியற்காலையில் வேனில் ஏற்றிச் செல்கின்றன. மாலையில் திரும்பும்போது ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றுள் சிறந்தவை கண்காட்சிகளில் இடம்பெறுகின்றன.

இப்படங்களின் அழகைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அறிவியல் நாட்டமுள்ள வாசகர் ஒருவர் கண்காட்சிக் கூடத்தில் நின்று, "இந்தப் படத்திலிருந்து நான் என்ன தெரிந்துகொள்கிறேன்?" என்று கேட்டால் கிடைக்கும் விடை ஏமாற்றம் அளிப்பதாகவே உள்ளது. இருபது படங்களைப் பார்த்தால் இருபது பறவை முகங்கள் தெரிகின்றன. இறகுகளின் இழைகள் தெரிகின்றன. கண்மணியில் சூரியனின் பிரதிபிம்பம்கூடத் தெரிகிறது. பின்னணியோ பச்சை அல்லது நீல நிறத்தில் கரைந்துபோன வெறும் திரை. அந்தப் பறவை மரத்தில் இருந்ததா, சேற்றில் நின்றதா, தனியாக இருந்ததா, கூட்டத்தோடு இருந்ததா என்று சொல்ல இயலவில்லை. பறவை இருக்கிறது, அது வாழும் ஊர் இல்லை.

இந்தக் குறை எப்படி ஏற்படுகிறது, அதனால் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

அமெச்சூர் புகைப்படக்காரர்கள் அதிகம் நாடும் இடங்களுள் ஒன்று, செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல். இங்குள்ள பறவைகளைச் சுடக்கூடாது என்ற உத்தரவை ஊர் மக்கள் 1798-ஆம் ஆண்டிலேயே அப்போதைய கலெக்டரிடமிருந்து பெற்றனர். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா முதலியவை வந்து, நீரில் பாதி மூழ்கி நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன.

இவை ஏன் இந்த மரங்களைத் தேர்ந்தெடுக்கின்றன? மரத்தைச் சுற்றி நீர் நிற்கும்வரை பூனை, நரி போன்ற தரைவாழ் எதிரிகள் கூட்டை எளிதில் அணுக முடியாது. பல இனங்கள் நெருக்கமாகக் கூடு கட்டுவதால், எதிரி வருவதை ஏதேனும் ஒரு கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. சுற்றுவட்டாரத்து ஏரிகளும் நெல் வயல்களும் உணவு தருகின்றன. நத்தைகுத்தி நாரை வயல்களில் நத்தையைத் தேடி உண்டு, தொண்டையில் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு அளிக்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிர்களுக்கு உரமாகிறது. ஊரார் பறவைகளைக் காத்ததில் இந்த நன்மைக்கும் பங்குண்டு.

ஆகவே வேடந்தாங்கலின் கதையில் நீர், மரம், அண்டைக் கூடு, வயல், ஊர் ஆகிய ஐந்தும் உறுப்பினர்கள். நீர்மட்டம் இறங்கினால் கூடுகளின் பாதுகாப்பும் இறங்கிவிடும். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வருவதும் குறையும். இத்தனையும் நிறைந்த ஓரிடத்திற்குச் சென்று, நாரையின் தலையை மட்டும் படமாகக் கொண்டுவருவது, ஒரு நூலகத்திற்குச் சென்று ஒரே ஒரு நூலின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதை ஒக்கும்.

ஓர் எளிய கணக்கு

ஏன் இப்படி நேர்கிறது? விடை லென்ஸில் பாதியும் மனத்தில் பாதியும் உள்ளது. லென்ஸைப் பற்றிய பகுதியை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

வழக்கமான முழு அளவுக் காமிராவில் பிம்பம் விழும் தளத்தின் அளவு 36 மி.மீ. × 24 மி.மீ. அதில் 500 மி.மீ. குவியத்தொலைவுள்ள டெலிபோட்டோ லென்ஸைப் பொருத்துகிறோம். பொருள் 20 மீட்டர் தொலைவில் இருந்தால், ஒத்த முக்கோண விதிப்படி, படத்தில் அடங்கும் அகலம் 36 ÷ 500 × 20 = 1.44 மீட்டர். உயரம் 0.96 மீட்டர். மஞ்சள்மூக்கு நாரையின் உயரமே சுமார் ஒரு மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், அந்தச் சட்டத்திற்குள் வேறு எதற்கும் இடமில்லை என்பது புலனாகும்.

தெளிவாகத் தெரியும் ஆழத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். லென்ஸின் துளை எஃப் 5.6 என வைத்துக்கொண்டால், 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ அரை மீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக அமையும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். பின்னணி கரைந்துபோவதன் காரணம் இதுவே.

இப்போது அதே லென்ஸுடன் 100 மீட்டர் தள்ளி நிற்போம். சட்டத்தின் அளவு 7.2 மீட்டர் × 4.8 மீட்டர் ஆகிறது. தெளிவின் ஆழம் தொலைவின் இருமடிப் பெருக்கத்திற்கேற்ப மாறுவதால், அது 13 மீட்டருக்கு மேல் விரிகிறது. ஒரு மரமும், அதில் பல கூடுகளும், அடியில் நீரும் ஒரே படத்தில் தெளிவாக அடங்கும். நாரை சிறுத்துவிடுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. 6000 × 4000 புள்ளிகள் கொண்ட காமிராவில் ஒரு மீட்டர் உயர நாரை 800 புள்ளிகளுக்கு மேல் உயரம் பெறும். இனத்தை அறியவும், அது என்ன செய்கிறது என்பதைக் காணவும் இது தாராளமாகப் போதும்.

நெருக்கப் படங்கள் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. இறகின் அமைப்பு, அலகின் வடிவம், காலில் இட்ட வளையத்தின் எண் ஆகியவற்றை அறிய அவை தேவை. நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைக் காட்ட நெருக்கப் படத்தைவிடச் சிறந்த வழியில்லை. எல்லாப் படங்களும் நெருக்கப் படங்களாகிவிடுவதே குறை.

நெருக்கத்தின் விலை

மனத்தைப் பற்றிய பகுதி இதைவிடக் கவலைக்குரியது. நெருங்கியவரே வென்றவர் என்ற எண்ணம் உறுப்பினர்களிடையே பரவினால், அதன் விலையைப் பறவைதான் கொடுக்கிறது.

கூட்டில் நிற்கும் தாய் நாரை வெயில் ஏறியதும் சிறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைப் பலர் கண்டிருக்கலாம். இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ள இயலாது. மனிதர் நெருங்கித் தாய் பறந்துவிட்டால், சிறிது நேர வெயிலும் குஞ்சைக் கொல்லக்கூடும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கின்றன. சிறு பறவைகளின் கூட்டைப் படமெடுக்க மறைப்பாக உள்ள இலைகளை ஒதுக்குவோரும் உண்டு. படமெடுத்தவர் போய்விடுகிறார், திறந்துவிட்ட வழி எதிரிகளுக்குப் பயன்படுகிறது. செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதை வரவழைப்பதும் இத்தகையதே. தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று கருதி, ஆண்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியின் இடத்திற்குக் காமிரா வந்ததாக முதலில் மகிழ்ந்தோம். கூட்டைக் கலைக்கும் காமிராவைச் சட்டம் துப்பாக்கியின் வரிசையிலேயே வைத்துள்ளது.

வேடந்தாங்கலில் கரையில் நின்றுதான் படமெடுக்க வேண்டும். இடையில் நீர் இருக்கிறது. இதைத் தடையாகக் கருதிச் சலித்துக்கொள்பவர் உண்டு. உண்மையில் இது ஒரு நல்ல ஆசிரியர். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஏரியே சொல்லித் தருகிறது.

முன்னோடிகள் இருவர்

விலங்கிலிருந்து விலகி நிற்பது புதிய கொள்கையன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் காமிராவைப் பொருத்திக் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டிவிட்டு அகன்றுவிடுவார். இரவில் புலி கம்பியை மிதித்ததும் ஒளி பாய்ந்து படம் பதிவாகும். இப்படங்களைக் கொண்ட அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. திடீர் ஒளி விலங்கைத் திடுக்கிடச் செய்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும் துரத்தலும் சுற்றிவளைத்தலும் அங்கே இல்லை. ஒரு புலியின் வரிகளைப் போல் மற்றொன்றின் வரிகள் இருப்பதில்லை என்பதையும் அவர் படங்களைக் கொண்டு கண்டறிந்தார். பிற்காலத்தில் தானியங்கிக் காமிராக்களைக் கொண்டு புலிகளைக் கணக்கிடும் முறைக்கு வரிகளின் இந்த வேறுபாடே அடிப்படையாயிற்று. படம் அழகுப் பொருளாக மட்டும் நின்றுவிடாமல் சான்றாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாமவர் நம்மவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். 1950 முதல் இறுதிக்காலம் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து எழுதிவந்தார். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கென ஒரு காமிராவை அமைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வண்ணத்தின் கவர்ச்சி இல்லாததால் அவருடைய படங்களில் விலங்கின் நிலையும் செயலும் சூழலுமே கண்ணில் படுகின்றன. அவரிடம் எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இன்றைய நம் படங்களில் பல, விளக்கக் குறிப்பு என்ற ஊன்றுகோலே இல்லாமல் நிற்கின்றன. "அழகின் அரசி", "அமைதி" போன்ற தலைப்புகளிலிருந்து இடமோ நாளோ நமக்குத் தெரிவதில்லை.

பொய்ச் சாட்சி

படம் ஒரு சான்று என்று கொண்டால், பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய குற்றம் என்பதும் விளங்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற கானுயிர்ப் படப் போட்டியில், 2009-ஆம் ஆண்டின் முதற்பரிசு வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்திற்குக் கிடைத்தது. அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010-இல் பரிசைத் திரும்பப் பெற்றனர். 2017-ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படமும் 2018-இல் நீக்கப்பட்டது. அதிலிருந்தது பாடம் செய்யப்பட்ட உடலாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று வல்லுநர்கள் கருதினர். படமெடுத்தோர் இருவருமே குற்றச்சாட்டை மறுத்தனர். எனினும் நடுவர்களின் அளவுகோல் சரியானதே. 'இது இவ்வாறு நிகழ்ந்தது' என்ற நம்பிக்கை போய்விட்டால், கானுயிர்ப் படத்தில் எஞ்சுவது அலங்காரமே.

மலைக்குச் செல்வோர்

பறவைப் படக்காரர் ஊரை விட்டுவிடுகிறார் என்றால், நிலக்காட்சிப் படக்காரர் ஊரில் வாழ்வோரை விட்டுவிடுகிறார். நீலகிரிக்குச் சென்று திரும்புவோர் தேயிலைத் தோட்டத்தையும், தைல மரத் தோப்பையும், வரிசையாக நிற்கும் பைன் மரங்களையும் எடுத்து "இயற்கை எழில்" எனப் பெயரிடுகின்றனர். இவை மூன்றும் மனிதன் நட்டவை, வெளிநாடுகளிலிருந்து வந்தவை. அம்மலையின் சொந்த உடை, புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும் ஆகும். வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில்தான். அயல் மரங்கள் அதனுள் பரவியதால் வரையாட்டின் வாழ்விடம் சுருங்கியது. மூடுபனியும் பொன்னிற வெயிலும் அழகானவைதாம். ஆனால் எந்தச் செடியின்மேல் அந்த வெயில் விழுகிறது என்று பார்க்காதவரின் படம், பார்ப்பவருக்குத் தவறான பாடத்தையே கற்பிக்கும்.

என்ன செய்யலாம்?

கழகங்கள் சில எளிய விதிகளைக் கைக்கொள்ளலாம். கூட்டுப் படங்களையும், இரை வைத்தோ குரல் ஒலித்தோ எடுத்த படங்களையும் போட்டிக்கு ஏற்கலாகாது. ஒவ்வொரு படத்துடனும் இனம், இடம், நாள், நேரம், ஏறத்தாழ எவ்வளவு தொலைவு, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது ஆகிய ஆறு செய்திகளைக் கேட்க வேண்டும். நாளையும் நேரத்தையும் டிஜிட்டல் காமிராவே பதிந்துவிடுகிறது. மற்றவற்றுக்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். அரிய விலங்கின் கூடோ வளையோ இருக்குமிடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாமல் காப்பது நல்லது.

மாணவர்களுக்கு விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் அடையாளம் காணத்தக்க ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே திசையை நோக்கி, செல்போனிலேயே ஒரு படம் எடுங்கள். அன்று கண்ட பறவைகளை எண்ணி எழுதுங்கள். ஓராண்டில் பன்னிரண்டு படங்கள் சேரும். நீர் ஏறியதும் இறங்கியதும், ஆகாயத்தாமரை பரவியதும், மரம் வெட்டப்பட்டதும், பறவைகள் வந்ததும் போனதும் அவற்றில் வரிசையாகத் தெரியும். பத்தாண்டுகளுக்குப் பின், "இந்த ஏரியில் முன்பெல்லாம் நாரைகள் வந்ததுண்டா?" என்று எவரேனும் கேட்டால், கண்காட்சியில் பரிசு பெற்ற நாரை முகத்தால் அதற்கு விடை சொல்ல முடியாது. உங்கள் பன்னிரண்டு படங்களும் குறிப்பேடும் சொல்லும்.