சுவரிலிருந்து ஒரு முழம்

பூனை சாப்பிடும் அழகைப் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் முதுகும் வாலும்தான் தெரியும். சம்மணம் போட்டு, கொஞ்சம் குனிந்து, அதன் முகத்துக்கு நேராக நம் முகம் வந்தால்தான் மீசை எப்போது முன்னால் வருகிறது, காது எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் பிடிபடும். எங்கள் பொம்மியை நான் அப்படிப் பார்க்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. தட்டில் என்ன விழுகிறது என்பதைவிடத் தட்டு எங்கே இருக்கிறது என்பதில்தான் அவளுக்கு அக்கறை அதிகம். அந்த அக்கறையில் உள்ள நுட்பத்தை எனக்கு விளங்கவைக்க அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று.

பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய கட்டு வீடு. நடை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, அடுக்களையை ஒட்டி அங்கணம், அதைத் தாண்டினால் புறவாசல் என்று நீளவாக்கில் ஓடும். பொம்மி குட்டியாக வந்தபோது அங்கணத்தின் ஓரத்தில் தட்டு வைத்தோம். கழுவிவிட வசதி என்பது எங்கள் கணக்கு. அவள் சாளைத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு பட்டாசலுக்கு ஓடி, கட்டிலுக்கு அடியில் போய்த் தின்பாள். வீடு முழுக்க மீன் வாடை. திருட்டுப் புத்தி என்று அவளைத் திட்டியிருக்கிறேன். அங்கணத்தில் எந்நேரமும் பாத்திரம் உருளும், வாளி இழுபடும், யாராவது காலடியில் தண்ணீர் விசிறுவார்கள். அந்த இடத்தை விட்டு ஓடியது திருட்டு அல்ல, விவேகம்.

அடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். நமக்கு அது சத்தமே இல்லாத பெட்டி. பொம்மிக்கு அப்படி இல்லை. மனிதக் காது எட்டும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு என்றால், பூனையின் காது 60,000-ஐயும் தாண்டும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அந்த ஒரு 'டக்'குக்கு அவளுடைய வலது காது மட்டும் பின்னால் திரும்பும். இடது காது அப்படியே முன்னால் நிற்கும். வாய் மெல்வதை நிறுத்திவிடும். ஒரு காதை ஒரு வேலைக்கும் மறு காதை இன்னொரு வேலைக்கும் அனுப்பத் தெரிந்த பிராணி அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் சலிப்பு வந்ததில்லை.

மூன்றாவதாக ரெண்டாங்கட்டின் மூலை. ஆள் நடமாட்டம் குறைவு, வெளிச்சமும் மிதம், இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை என்று நினைத்தேன். தட்டை மூலையோடு மூலையாக ஒட்டி வைத்தேன். பொம்மி வந்தாள், இரண்டு வாய் தின்றாள், தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடி இரண்டு வாய், மறுபடி திரும்பல். பாதித் தட்டு மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாக்கு நறுக்கிக்கொண்டிருந்த ஆச்சி நிமிராமலே சொன்னாள்: “ஏட்டி, சுவத்தப் பாத்து உக்கார வச்சா அது எப்படித் திங்கும்? அதுக்கு வாசல் தெரியணும்லா.”

தட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் பொம்மி தட்டை நோக்கி நேரே வரவில்லை. சுற்றிக்கொண்டு அதன் பின்பக்கம் போனாள். சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழத்தில், அளவெடுத்துத் தைத்தது போல உடம்பை இறக்கினாள். முதலில் பின்கால்கள் மடங்கின, பிறகு முன்கால்கள் நெஞ்சுக்கு அடியில் சேர்ந்தன, கடைசியில் வால் பக்கவாட்டில் சுற்றி வந்து பாதத்தை மூடியது. முதுகுக்குச் சுவர், முகத்துக்கு வாசல். தட்டு காலியாகும்வரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு முழத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் சிறு காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடுவது, தனியாகத் தின்பது. எலிக்கும் குருவிக்கும் அது எமன். தன்னைவிடப் பெரிய விலங்குக்கும் கழுகுக்கும் அதுவே இரை. தொல்காப்பிய மரபியல், மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைக்குக் குட்டி என்ற பெயர் உரியது என்று ஒரே நூற்பாவில் சொல்லும். தின்கிற வெருகு என்னும் காட்டுப்பூனையும் தின்னப்படுகிற எலியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பூனையின் உடம்புக்குள்ளும் அந்த இரண்டும் அப்படித்தான் சேர்ந்து இருக்கின்றன. குனிந்து தின்னும்போது அது வேட்டைக்காரி. நிமிர்ந்து வாசலைப் பார்க்கும்போது இரை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியின் அருகிலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததாக 2004-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலம் நம்மோடு இருந்தும் முதுகை நம்பிக் கொடுக்க அது ஒரு சுவரைத்தான் தேடுகிறது. இதில் எனக்கு வருத்தம் இல்லை, மரியாதைதான்.

இடம் சரியாக அமைந்த பிறகுதான் அவள் தின்னும் அழகே முழுதாகத் தெரிந்தது. பூனைக்குத் தூரத்து அசைவு துல்லியம், மூக்குக்குக் கீழே இருப்பது மங்கல். சாண் தூரத்துக்குள் வந்துவிட்டால் கண்ணைவிட மூக்கும் மீசையும்தான் வேலை செய்யும். பொம்மி முதலில் தட்டின் விளிம்பை முகர்வாள். பிறகு, பக்கத்துக்குப் பன்னிரண்டு போல இருக்கும் மீசைமயிர் மெதுவாக விசிறி விரிவதுபோல முன்னால் வந்து மீன் துண்டைத் தொடும். தொட்ட பிறகே வாய் திறக்கும். துண்டு பெரிதென்றால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளுவாள். அப்போது உதடு விலகி முன்பல் வெள்ளையாக ஒரு நொடி தெரியும். புறநானூற்றில் கபிலர் முல்லை அரும்பை வெருகுக் குட்டியின் பல்லுக்கு ஒப்பிட்டிருப்பதைக் கல்லூரியில் படித்தபோது அழகான உவமை என்று மட்டும் நினைத்துக் கடந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து பார்த்த அன்றுதான், அந்தக் கவிஞர் கண்ணால் கண்டுதான் எழுதியிருக்கிறார் என்று உறுதியாயிற்று.

தண்ணீர்க் கிண்ணத்தையும் தட்டோடு சேர்த்தே வைத்திருந்தோம். அதில் அவள் வாய் வைப்பதே அபூர்வம். நாலடி தள்ளி, புறவாசல் நிலைக்குப் பக்கத்தில் மண்சட்டியில் வைத்தோம், குடிக்கத் தொடங்கினாள். பூனை தண்ணீர் குடிப்பதை அருகிலிருந்து பாருங்கள். அள்ளிக் குடிக்காது. நாக்கின் நுனியைப் பின்பக்கமாக வளைத்து, தண்ணீரின் மேல்தோலை மட்டும் தொட்டு, சட்டென்று மேலே இழுக்கும். நாக்கோடு ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்பும். அது சரிந்து விழுவதற்குள் வாய் மூடிக்கொள்ளும். நொடிக்கு ஏறக்குறைய நாலு முறை இது நடக்கிறது, மோவாயில் ஒரு சொட்டு ஒட்டாமல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010-இல் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து விளக்கினார்கள். அவர்களில் ஒருவரான ரோமன் ஸ்டாக்கர் தம் வீட்டுப் பூனை காலையில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வியே அவருக்குத் தோன்றியதாம்.

நம் ஊரில் எறும்பை மறந்துவிட்டு எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. எவர்சில்வர்த் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு, நடுவில் தட்டை வைத்துவிட்டால் எறும்பு அண்டாது. தட்டு அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மீனைக் குளிர் விடாமல் வைத்தால் வாசனை எழாது, அவள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டு இருக்கிற பக்கம் சோற்றுத் தட்டு வேண்டவே வேண்டாம். வீட்டில் இரண்டு பூனை இருந்தால், ஒன்றின் தட்டு மற்றதற்குத் தெரியாத இரண்டு இடம் பாருங்கள். குழம்பில் கிடந்த மீனை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த துண்டே போதும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. எலி அளவு இரையை நாளில் பலமுறை தின்னப் பழகிய வயிறு அது.

எந்தப் பக்கமும் சேராதவனை மதில்மேல் பூனை என்கிறோம். பொம்மியைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையை அந்தப் பொருளில் என்னால் சொல்ல முடியவில்லை. மதில்மேல் நிற்கிற பூனை தயங்கிக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு பக்கத்தையும் முழுதாகப் பார்க்கக்கூடிய ஒரே இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பூனை தட்டிலிருந்து மீனைக் கவ்விக்கொண்டு ஓடுகிறதா, பாதியில் விட்டுவிட்டுப் போகிறதா? மீனை மாற்றுவதற்கு முன்னால் தட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வையுங்கள். வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள்.