மணலில் கொழுவும் மண்வெட்டியும்

களிமண் கலப்பையில் ஒட்டிக்கொள்ளும். மணல் கலப்பையைத் தின்றுவிடும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள்தான். மோஸ் அளவில் அதன் கடினம் 7. கொழுவுக்கு அடிக்கும் சாதாரண இரும்பு அதைவிட மென்மையானது. மாடு இழுக்கச் சுலபமான மண்ணில் கொழு சீக்கிரம் தேய்வது இதனால்தான். கடலுக்கு இந்தப் பக்கம் வேதாரண்யத்திலும் திருச்செந்தூர்ச் செம்மணல் தேரியிலும், அந்தப் பக்கம் இலங்கையின் வடமராட்சி கிழக்கிலும் கற்பிட்டியிலும் இதே பாடுதான். ஆனால் விவசாயி கையில் எடுக்கும் கருவி ஒன்றல்ல.

தமிழகத்தில் இன்று மணற்காட்டுக்கும் டிராக்டர்தான். ஒன்பது கலப்பையில் இரண்டு ஓட்டு, ரொட்டவேட்டரில் ஒரு ஓட்டு என்று வாடகை பேசி முடிக்கிறார்கள். காய்ந்த மணலில் அந்தக் கொழு போவதைக் குனிந்து பார்க்க வேண்டும். சால் திறக்கும், கொழு ஒரு முழம் தாண்டுவதற்குள் இரு பக்கமும் சரிந்து மூடிவிடும். உலர்ந்த மணலுக்கு உராய்வு உண்டு, பிடிப்பு இல்லை. மழை பெய்த மறுநாள் அதே மணலில் துகளுக்கிடையே ஈரப்படலம் இருப்பதால் சால் வெட்டியபடி நிற்கும். உழுவதென்றால் அன்றுதான் உழ வேண்டும். உடைக்கக் கட்டியே இல்லாத மண்ணில் மூன்றாவது ஓட்டு எதற்கு? அடி ஈரத்தை வெயிலுக்குக் காட்டியதுதான் மிச்சம். தேரியிலோ, கிளறிவிட்ட மேல்மணலை ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

நாட்டுக் கலப்பை இவ்வளவு கிளறாது. மண்ணைப் புரட்டாமல் ஒடுக்கமாகக் கீறிக்கொண்டு போகும். ஏருக்குப் பின்னால் சாலில் நிலக்கடலை போட்டுக்கொண்டே வந்தால், அடுத்த சால் மண் தள்ளி மூடிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள்; 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலைந்து பரப்புத் துண்டில் பெரிய டிராக்டர் திரும்பவே இடம் போதாது. லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர டிராக்டர் உழுதாலும், பாத்தி கட்டுவதும், இலைதழையை மண்ணில் புதைக்கும் குழை தாட்பதும் மண்வெட்டி வேலை. இலங்கை ஆங்கிலத்தில் இந்தக் கருவிக்கு வழங்கும் ‘மமோட்டி’ என்ற பெயரே நம் மண்வெட்டி திரிந்ததுதான்.

குழை தாட்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கருவியின் அருமை விளங்கும். அகன்ற அலகை ஈர மணலில் இறக்கித் தன் பக்கம் இழுத்தால் ஒரு கிடங்கு. அதில் பூவரசங்குழையோ பழைய பனையோலையோ போட்டு மிதித்து, அடுத்த கிடங்கு வெட்டிய மண்ணால் இதை மூட வேண்டும். நீரையும் உரத்தையும் நிறுத்திவைக்காத மணலுக்கு அந்தக் குழையே மடி. டிராக்டர் கொழுவால் இது ஆகாது. அது குழையை இழுத்துக் குவிக்கும், தாட்காது.

கூலியும் முதுகுவலியும் அதிகம் என்பது உண்மை. ஐந்து ஏக்கர்க்காரரிடம் மண்வெட்டியை நீட்ட முடியாது. இலங்கை முழுவதும் மணலைப் பேணுகிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். கற்பிட்டியில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டிய உரம் மணலில் இறங்கி, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மணற்பாங்கான நிலத்துக்குச் சொல்லும் வழி, உழவுக்கு நேர் எதிர். மழைக்குப் பிறகு பதமான ஈரத்தில் 400 கிலோ கல் உருளையையோ, அதே எடைக்கு மணல் நிரப்பிய தார் டிரம்மையோ 8 முதல் 10 முறை உருட்டி மண்ணை இறுக்கச் சொல்கிறது. களிமண் சேர்க்கவும் சொல்கிறது. இதை வயலில் செய்பவர்கள் இன்னும் பெருக வேண்டும்.

மணலில் பயிர் செய்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த போகத்தில் ஓர் ஓட்டைக் குறையுங்கள். அந்த வாடகைக் காசுக்கு இரண்டு ஆள் விட்டு, ஒரு மூலையிலாவது மண்வெட்டியால் குழை தாட்டுப் பாருங்கள்.