கன்னித்தீவும் பால்மரத் தோட்டமும்: 'ஆயிரத்தில் ஒருவன்' – ஒரு மறுவாசிப்பு

எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படங்களைத் தமிழ்த் திறனாய்வுலகம் நெடுங்காலம் வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கியே வந்தது. வாட்போர், காதற்பாட்டு, தீயோன் வீழ்ச்சி என்னும் வாய்பாட்டில் ஆராய்வதற்கு ஏதுமில்லை என்பது அதன் துணிபு. கா. சிவத்தம்பி 1981இலும் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல்கள் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் ஆய்வுக்கு உரியதாக்கின. ஏழை எளியோரின் இசைவைத் திரைப்பிம்பம் எவ்வாறு வென்றெடுத்தது என்பதைப் பாண்டியன் விரித்துரைத்தார். எனினும் அவரது விளக்கம் தமிழக வாக்காளரை மையமாகக் கொண்டது. எம்.ஜி.ஆருக்கு வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாத மலேசியத் தோட்டப்புறத் தமிழரும் அப்படங்களைக் கொண்டாடினர். இதனைத் தேர்தல் கணக்கால் மட்டும் விளக்கிவிட இயலாது. ஆகவே படத்தின் கதைக்கே மீள வேண்டியுள்ளது.

பி.ஆர். பந்துலு இயக்கி 1965இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' இதற்குத் தக்க சான்றாகும். நெய்தல் நாட்டு மருத்துவனாகிய மணிமாறன், கிளர்ச்சியாளருக்குத் துணைநின்றமையால் தண்டிக்கப்பட்டு, கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். 'கேப்டன் பிளட்' என்னும் 1935ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் தாக்கம் இக்கதையில் உண்டு. இங்கிலாந்தில் 1685இல் தோல்வியுற்ற கிளர்ச்சியாளர் பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்ட வரலாறே அப்படத்தின் வேர். எனவே அரச உடையணிந்த இக்கற்பனைக் கதையின் அடியில் கிடப்பது ஒரு தோட்டத் தொழிலின் வரலாறு எனலாம்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறையோ 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை நீடித்தது. குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்குக் கடல்கடந்து விலைபோகும் மனிதர் கதை முற்றிலும் அந்நியமாய் இருந்திராது.

எனினும் இம்மறுவாசிப்பு வெறும் புகழுரையாகிவிடலாகாது. படத்தில் விடுதலை, கல்வியும் வாள்திறனும் வாய்ந்த ஒருவனால் வருகிறது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மர் அவனைப் பின்தொடர்வோர் மட்டுமே. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை இதனருகில் வைத்து நோக்குக. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, வெள்ளைக்கார நிருவாகிகளைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதையும் அத்தொழிலாளர் கோரினர். படை ஏவப்பட்டது, சிலர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களுக்கும் தலைவர்கள் இருந்தனர். ஆயினும் அக்கோரிக்கைகள் பலரது அன்றாட அனுபவத்திலிருந்து எழுந்தவை. கூலியையும் மிதிவண்டியையும் பற்றிப் பேசும் மொழி கன்னித்தீவுக் கதையில் இல்லை.

படம் காட்டும் கனவும் அது சொல்லாது விட்ட வரலாறும் ஒருசேர ஆராயத்தக்கவை. இத்தகைய படங்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவோமாயின், நம் மாணவரின் பாட்டனாரும் பாட்டியாரும் எதனை நம்பி வாழ்ந்தனர் என்பதை அறியும் வாயில்களுள் ஒன்று அடைபட்டுவிடும்.